செயலாளரின் ஆண்டறிக்கை: அறைக்குள் ஜெபமும் வெளியே கணக்கும்

கிறிஸ்துவுக்குள் பிரியமான உறுப்பினர்களுக்கு ஸ்தோத்திரம்.

இவ்வாண்டு நம் மாதக் கூடுகைகளுக்கு எஸ்றா 8ஆம் அதிகாரத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டோம். பாபிலோனிலிருந்து எருசலேமுக்குத் திரும்பும் வழியில், அகாவா நதியோரம் உபவாசித்து வழிப்பயணத்துக்காக ஜெபித்த வேதபாரகன் எஸ்றா, அடுத்ததாக 12 ஆசாரியரைப் பிரித்தெடுத்து, ஆலயத்துக்கான 650 தாலந்து (பழைய எடை அளவு) வெள்ளியையும் 100 தாலந்து பொன்னையும் எடை நிறுத்து அவர்கள் கையில் கொடுக்கிறார். எருசலேம் சேர்ந்த நாலாம் நாளில் மறுபடியும் நிறுக்கிறார்கள்; நிறை முழுவதும் எழுதப்படுகிறது. இவ்வளவு ஜெபித்த பிறகு நிறுக்கவும் வேண்டுமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஆண்டு முழுவதும் நாம் பேசியதும் இதையே.

முதலில் வேதவாசிப்பு. 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்று, சில நாள் நான்கு. ஜனவரியில் தொடங்குகிறவர் ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 அதிகாரங்களைக் கடந்து மாதக் கடைசியில் லேவியராகமத்துக்கு வருகிறார். பலருக்கு அங்கேதான் தடைபடுகிறது. பலிச் சட்டங்கள் கடினம் என்பது பாதிக் காரணமே. நாலு நாள் விட்டால் 12 அதிகாரம் பாக்கி சேர்கிறது. அதை ஒரே இரவில் தீர்க்கப் பார்த்தால் கண் ஓடும், மனம் நிற்காது. விட்டதை விட்டுவிட்டு இன்றைய பகுதியில் சேர்ந்துகொள்ளுங்கள். புதியவர்கள் 119ஆம் சங்கீதத்தை நாளுக்கு 8 வசனமாக 22 நாள் வாசிக்கலாம்.

நேரம், இடம் இரண்டையும் மாற்றாதீர்கள். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். பகுதியை இருமுறை வாசித்து, ஒரு வசனத்தைக் கையால் எழுதி, அதன்படி இன்று யாரிடம் என்ன செய்யவேண்டும் என்று ஒரே வரி எழுதுங்கள். அந்த வரியில் ஆள் பெயர் இல்லையென்றால் தியானம் இன்னும் முடியவில்லை. பிரசங்கத்துக்கும் ஓய்வுநாள் பள்ளிக்கும் ஆயத்தப்படுகிறவர்கள் அந்த வாசிப்பையே தங்கள் தனித்தியானமாகக் கணக்கில் வைக்கிறார்கள். மற்றவருக்காக வாசிக்கும்போது வசனம் நம்மைக் கேள்வி கேட்பது குறைந்துவிடும். இரண்டையும் பிரித்தே வையுங்கள்.

பாவ அறிக்கையைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். ‘என் பாவங்களையெல்லாம் மன்னியும்’ என்று மொத்தமாகச் சொல்வது எளிது. யாரிடம், எதை, எவ்வளவு என்று சொல்வது கடினம். லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்திலொரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது: 1000 எடுத்தவர் 1200 தரவேண்டும். அதுவும் குற்றநிவாரண பலியிடும் நாளிலேயே. பலி செலுத்தியாயிற்று, பணம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு அங்கே இடமில்லை. கூடுதலாகக் கைக்கு வந்த பணத்துக்கு யாக்கோபின் நிதானம் நமக்குப் போதும். ‘கைப்பிசகாய் வந்திருக்கும்’ என்று சொல்லி, எகிப்தில் தானியம் வாங்கிவந்த மகன்களின் சாக்கில் கண்ட பணத்தைத் திரும்பக் கொடுத்தனுப்பினார்.

ஜெபக் குறிப்புகளிலும் உண்மை வேண்டும். ‘உங்களுக்காக ஜெபிக்கிறேன்’ என்று சொன்னால் அந்த இடத்திலேயே ஜெபித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் அது பொய்யாகிவிடும். ஒருவர் குடும்பக் காரியத்தை அவர் அனுமதி இல்லாமல் குறிப்பாகக் கொண்டுவருவது புறங்கூறுதலே, ஜெபம் என்ற பெயர் அதை மாற்றாது.

காணிக்கை முறையும் இதன்படி அமைந்துள்ளது. கூடுகை முடிந்ததும், யாரும் வீடு திரும்புமுன், உறவினரல்லாத இருவர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடுகிறார்கள். யூதாவின் யோவாஸ் ராஜாவின் நாளிலும் ஆலயப் பணத்தைச் சம்பிரதியும் (ராஜாவின் எழுத்தர்) பிரதான ஆசாரியனும் சேர்ந்தே எண்ணினார்கள். இது பொருளாளர்மேல் சந்தேகம் என்று சிலர் வருந்தினார்கள். உண்மையில் இது அவருக்குப் பாதுகாப்பு. திருடும் எண்ணமே இல்லாதவரும், அவசரத்துக்கு எடுத்து மாதக் கடைசியில் வைத்துவிடலாம் என்ற இடத்தில்தான் வழுகுகிறார். ஆகவே பொதுப்பணத்திலிருந்து ஒருநாள் கைமாற்றும் கிடையாது. சொந்தப் பையில் அந்தப் பணம் இராத்தங்கவும் கூடாது.

வரும் ஆண்டுக்கு 15ஆம் சங்கீதத்தை எடுக்கலாம் என்று செயற்குழு முன்மொழிகிறது. ஐந்தே வசனம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கூடுகை ஒதுக்குவோம். புதிய பொருளாளர் பொறுப்பேற்கையில், பழையவரும் அவரும் உங்கள் முன்பாகவே கையிருப்பை எண்ணிப் பேரேட்டில் எழுதுவார்கள்.

கர்த்தருடைய பணியில்,
செயலாளர்