தறி இருக்கிறது, பாவு பிணைக்க ஆள் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாளையொட்டி உங்கள் நாளிதழில் வந்த பக்கத்தை வீட்டில் எல்லாரும் படித்தோம். தறியில் உட்கார்ந்து நெய்கிறவரின் படம் இருந்தது, சேலை விலை, தள்ளுபடி விவரமெல்லாம் இருந்தது. ஆனால் அந்தத் தறியில் பாவு, அதாவது சேலையின் நீளவாக்கில் ஓடுகிற இழைகள், ஏறுவதற்கு முன்னால் வேலை பார்க்கிறவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் மயிலாடுதுறை கூறைநாட்டுக்காரர்கள். பட்டும் பருத்தியும் கலந்து, கட்டம் போட்டு, கல்யாணப் பெண்ணுக்குக் கூறை நெய்வதுதான் தாத்தா வரைக்கும் எங்கள் வீட்டுத் தொழில். அப்பா காலத்தில் கட்டுப்படியாகாமல் விட்டுப்போனது. நெய்கிறவர் கால் வைக்கிற தறிக்குழியில் மணலைக் கொட்டி மேலே சிமெண்ட் பூசி, அந்த இடத்தில் டிவி ஸ்டாண்டு வைத்துவிட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அண்ணனும் அம்மாவும் அந்தத் தரையை உடைத்தோம். ஒரு தறியில் அண்ணன், பின்கட்டில் போட்ட இன்னொன்றில் எங்கள் தெரு மாமா ஒருவர். அம்மா தார் சுற்றுகிறார், அதாவது குறுக்கே ஓடுகிற நூலைச் சின்னக் குழலில் சுற்றித் தருகிறார்; விற்பனை என் பொறுப்பு. வாங்க ஆள் வருமா என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். வாங்க ஆள் இருக்கிறது. போனில் படம் அனுப்பினால் எங்கெங்கோ இருக்கிற நம் ஊர்க்காரர்கள், பாட்டி கட்டிய மாதிரியே வேண்டும் என்று கேட்டு வாங்குகிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குழியில் ஊற்றெடுத்துத் தறி நின்றுவிடும். டெல்டாவில் இது பழகிப்போன விஷயம், சமாளித்துக்கொள்கிறோம்.

எங்களைப் படுத்தியது பாவு பிணைக்கிற வேலைதான். ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் கடைசி நுனி விழுதிலும் (இழைகளை ஏற்றி இறக்குகிற நூல் கண்ணிகள்) அச்சிலும் (இழைகளைப் பிரித்து வைக்கிற சீப்பு மாதிரியான சட்டம்) கோர்த்தபடியே நிற்கும். அந்த ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்க்க வேண்டும், எங்கள் பாவில் அது நாலாயிரம் இழைக்குக் குறையாது. முடிச்சுப் போட்டால் அச்சில் சிக்கும். அதனால் விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு, இரண்டு இழையையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு உருட்டு, அவ்வளவுதான், முடிச்சே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். எங்களுக்கு இதைச் செய்துதருகிறவர் தாராசுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெரியவர், வயது எழுபதுக்கு மேல். காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற நேரம் வரை தலை நிமிர மாட்டார். போன வருஷம் ஆவணியில் அவருக்குக் கண் ஆபரேஷன். வேறு ஆளுக்காகத் திருபுவனம், அய்யம்பேட்டை வரைக்கும் போய்க் கேட்டோம், கிடைக்கவில்லை. இருபது நாள் இரண்டு தறியும் சும்மா கிடந்தன. முகூர்த்தத்துக்குக் கேட்ட கூறையைக் கொடுக்க முடியவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பெண்ணின் அம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

சேலை, வேட்டி உட்பட 11 ரகங்களைக் கைத்தறிக்கு என்றே ஒதுக்கி 1985-லேயே சட்டம் இருக்கிறது. நெசவாளருக்கு முத்ரா கடன் இருக்கிறது, மின்சாரச் சலுகை இருக்கிறது. எல்லாம் வேண்டியதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பிணைக்கிறவர், பாவுக்குக் கஞ்சி தோய்கிறவர், விழுது கட்டுகிறவர் இவர்கள் இல்லாமல் எந்தத் தறியும் ஓடாது. இவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவதில்லை, வரச் சொல்லவும் யாருக்கும் மனசு வராது, ஏனென்றால் கூலி அப்படி. இந்த வேலைகளுக்குத் தனியாகப் பயிற்சி வேண்டும், பழகுகிற மாதங்களில் கையில் உதவித்தொகை வேண்டும், சொல்லித் தருகிற பெரியவர்களுக்கும் சம்பளம் வேண்டும். அதையும் மயிலாடுதுறை, கும்பகோணம் பக்கத்திலேயே நடத்த வேண்டும். பயிற்சிக்காகச் சேலம் வரைக்கும் போய்த் தங்க எங்கள் பெண்களால் ஆகாது.

எங்கள் சித்தி மகள்கள் இருவர் கற்றுக்கொள்ளத் தயார் என்கிறார்கள். பெரியவரும், கண் நன்றாக இருக்கிறபோதே சொல்லிக்கொடுத்துவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். தை பிறந்ததும் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே ஆரம்பிக்கிறோம், அவருடைய கூலி எங்கள் பொறுப்பு. உங்கள் நிருபர் ஒருநாள் வந்து, அந்த விரல்களைப் படம் எடுத்துப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
கூறைநாடு, மயிலாடுதுறை