குண்டாறு அணைக்குக் காவலும் பராமரிப்பும் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செங்கோட்டை அருகிலுள்ள குண்டாறு அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 36.10 அடிதான். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் தென்காசி மாவட்டத்தில் முதலில் நிரம்புவது பெரும்பாலும் இந்த அணையே. அது மறுகால் பாயும் செய்தி வந்த மறுநாளே குளிக்க வருவோர் கூட்டமும் திரண்டுவிடுகிறது. வருவதில் தவறில்லை. ஆனால், அணைப் பகுதியில் வெயில் அடிக்கும்போதே மலையில் பெய்யும் மழையால் நீர்வரத்து திடீரென உயரக்கூடும் என்பதை வெளியூரார் அறிவதில்லை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் வந்த திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. எனவே மறுகால் பகுதியில் ஆழ எச்சரிக்கைப் பலகை, பிடிமானச் சங்கிலி, அபாயச் சங்கு, மழைக்காலம் முழுவதும் பணியில் இருக்கும் காவலர் ஆகியவை அவசியம். மதுப்புட்டிகளை வாயிலிலேயே தடுப்பதும் அவர் பணியாக இருக்கட்டும்.

2018-இல் முக்கொம்பிலும் 2022-இல் பரம்பிக்குளத்திலும் மதகுகள் உடைந்தபின், பெரிய அணைகளின்மீது கவனம் திரும்பியது. 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டமும் முதன்மையாக 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையுமே கருத்தில் கொள்கிறது. சட்டத்தின் வரம்புக்குள் வந்தாலும் வராவிட்டாலும், சிற்றணைகளில் பருவமழைக்கு முன்னும் பின்னும் நீர்க்கசிவு, கரையில் வேர்விட்ட மரங்கள், மதகின் துரு, வண்டல் படிவு ஆகியவற்றை ஆய்வு செய்து, முடிவுகளைப் பாசன விவசாயிகள் பார்க்கும்படி அணையிலேயே எழுதிவைக்க நீர்வளத்துறை முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செங்கோட்டை வட்டம்.