படம் எடுத்துட்டு வந்தா மனு பாரம் காலி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

சுங்கை சிப்புட்லருந்து எழுதுறேன். கோலாலம்பூர் கம்பெனி ஒன்னுக்கு வீட்லருந்தே ஆப் எழுதுறதுதான் என் வேலை, அதனால வெளியாளு குறை சொல்றதா நினைக்காதீங்க, எங்க வீட்டு குப்பையதான் நானே கிளறுறேன்.

போன வாரம் அம்மா ஒரு உதவித்தொகைக்கு ஆப்புல மனு பாரம் போட உக்காந்தாங்க. எந்த ஆப்புங்கிறது வேண்டாம். முப்பது வருசம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுன கை, எழுத்து ஒவ்வொன்னா தேடித்தேடிதான் தட்டுவாங்க. பேரு, ஐசி (அடையாள அட்டை) நம்பர், அட்ரஸ், பேங்க் கணக்கு எல்லாம் போட்டு நாலாவது பக்கத்துக்கு வந்தாச்சு, அங்க ஐசிய படம் எடுக்கச் சொல்லுது, கேமரா தொறக்குது, எடுத்து ஓகே அழுத்துனா மறுபடி மொத பக்கம், போட்டது எல்லாம் காலி. இப்படி மூனு தடவ. மூனாவது தடவ “எனக்குதான் அழுத்தத் தெரியல போலடா”ன்னு போன கீழ வச்சுட்டாங்க. அதுதான் எனக்கு ஆத்திரம்.

அம்மா போன்ல ரேம், அதாவது ஓடுற ஆப்புங்க தங்குற இடம், 2 ஜிபி. கேமராவுக்கு தீனி ஜாஸ்தி, அது தொறந்ததும் இடம் பத்தாம ஆண்ட்ராய்டு பின்னால நிக்கிற ஆப்ப சத்தமில்லாம கொன்னுடும். கொல்றது தப்பில்ல, சின்ன போன் ஓடணும்ல. ஆனா ஆப்பு பின்னால போற நேரத்துலயே ஆண்ட்ராய்டு அதுகிட்ட “ஏதாச்சும் ஞாபகம் வச்சுக்கணுமா, குடு”ன்னு கேட்டு வச்சுக்கும். அப்ப நாம குடுத்து வச்சா, திரும்பி வரும்போது விட்ட பக்கத்துலயே கொண்டாந்து நிறுத்தலாம். குடுக்காத ஆப்பு மொத பக்கத்துல வந்து பேந்தப் பேந்த முழிக்கும்.

அம்மாகிட்ட இத சொன்னேன், உடனே பிடிச்சுகிட்டாங்க. தோட்டத்துல காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல கிராணி (கிளார்க்) பேரு கூப்புடும்போது பாதியில தொரை கூப்புட்டா, பென்சில அந்த வரியில வச்சுட்டுப் போவாராம், வந்து அங்கருந்துதான் கூப்புடுவாராம். “மொதல்லருந்து கூப்புட்டா சும்மா விடுவோமா”ன்னாங்க. அவ்வளவுதான்யா விசயம், பென்சில வரியில வைக்கிறது.

ஆப் எழுதுற நம்ம பசங்க வழுக்குற இடம் ஒன்னு இருக்கு. 2017ல கூகிள் வியூமாடல்னு ஒன்னு கொண்டாந்துச்சு, போன சாய்ச்சா பக்கம் அழிஞ்சு புதுசா வரும்ல, அப்ப டேட்டா போகாம பிடிச்சு வச்சுக்கும். இவங்க போன நாலு தடவ திருப்பிப் பாத்துட்டு எல்லாம் ஓகேன்னு விட்டுடறாங்க. ஆனா ஆப்பே செத்துப் போனா வியூமாடலும் கூடவே செத்துப் போயிடும், அதுக்கு ஆண்ட்ராய்டு கேட்டு வாங்கி வச்சுக்குதுன்னேனே, அந்த சேவ்ட் ஸ்டேட்ல எழுதி வைக்கணும், கம்போஸ்ல (பக்கம் கட்டுற கூகிள் கருவி) எழுதுறவங்களுக்கு அதே வேலைக்கு ரிமெம்பர் சேவபிள் இருக்கு. அதுக்காக கண்டதையும் அதுல திணிக்கவும் கூடாது, சுமார் 1 எம்பிதான் அந்த வழி தாங்கும், ஐசி படத்த அப்படியே போட்டா ஆப்பு படுத்துடும். படத்த பைல்ல வச்சுட்டு அது எங்க இருக்குங்கிறத மட்டும் குடுத்தா போதும். பாரம் நீளமா இருந்தா பக்கத்துக்கு பக்கம் போன்லயே டிராப்டா சேவ் பண்ணிடுங்க, அதுக்கு மேல ஒன்னும் பெரிய வித்தை இல்ல.

பேக் பட்டனும் இதே கதைதான். ஆள் பேக் அழுத்துனா “சரி, இவருக்கு வேல முடிஞ்சிருச்சு”ன்னு ஆண்ட்ராய்டு அந்தப் பக்கத்த தூக்கிப் போட்டுடும். 2019ல ஆண்ட்ராய்டு 10 வந்ததுலருந்து, பட்டனுக்கு பதிலா சைகை முறை போட்ட போன்ல ஓரத்துலருந்து விரல இழுத்தாலே பேக், வயசானவங்க போன பிடிக்கிற பிடியிலயே போயிடுது. பாரம் பாதியில இருந்தா ஒரு வார்த்த கேட்டுட்டு விடுங்கலா. அனுப்பி முடிஞ்ச பிறகோ நேர்மாறு, பாரத்த தொறந்த பக்கங்களோட அடுக்குலருந்து எடுத்துடணும், இல்லன்னா பேக் வந்து அதே மனுவ ரெண்டாவது தடவ அனுப்பிடுவாங்க.

இன்னொன்னு. பக்கத்து வீட்டு மாமா தன் மனு என்னாச்சுன்னு பாத்தாரு, “பதிவு எதுவும் இல்லை”ன்னு வந்துச்சு. பயந்து போயி பஸ் பிடிச்சு ஈப்போவுக்கே போயிட்டாரு, அங்க போனா மனு பத்திரமா இருக்கு. நடந்தது என்னன்னா அன்னைக்கு எங்க தாமான்ல (குடியிருப்புல) இன்டர்நெட் லைன் இல்ல. லைன் கிடைக்காததையும் மனுவே இல்லாததையும் ஒரே பக்கத்துல காட்டியிருக்காங்க. ஏத்திகிட்டு இருக்கு, வந்துருச்சு, வந்தும் ஒன்னுமில்ல, கோளாறு, இந்த நாலுல எந்த நேரத்துலயும் ஒன்னுதான் இருக்கணும்னு கோட்லயே கட்டி எழுதலாம். அத விட்டுட்டு லோடிங் உண்டா இல்லையா, எரர் உண்டா இல்லையான்னு தனித்தனியா ரெண்டு கொடி வச்சா, ஒரு நாள் ரெண்டும் சேந்து பறக்கும், இல்லன்னா ரெண்டுமே எறங்கி வெறும் பக்கம் நிக்கும். மாமாவுக்கு ஒரு நாளும் பஸ் காசும் போச்சு.

நானும் யோக்கியன் இல்ல. நான் எழுதுன ஆப்புலயே இந்த கேமரா கோளாறு ரொம்ப நாளா இருந்துச்சு, அம்மா விசயத்துக்கு அப்புறம்தான் சந்தேகம் வந்து பாத்தேன். போன் செட்டிங்ஸ்ல ஆப் எழுதுறவங்களுக்கு இருக்கிற டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல ‘டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்’னு ஒரு சுவிட்ச் இருக்கு, அத போட்டா ஒரு பக்கத்த விட்டு நகந்ததும் ஆண்ட்ராய்டு அத அழிச்சுடும். போட்ட பத்தாவது நிமிசத்துல என் ஆப்பு மூனு இடத்துல விழுந்துச்சு. இனிமே வெளியிடுறதுக்கு முன்னாடி அம்மாவோட பழைய போன கடன் வாங்கி அதுலதான் ஓட்டிப் பாக்குறதா இருக்கேன்.

அம்மாவோட மனுவ கடைசியில நான் என் போன்ல போட்டேன், இதுல ரேம் 12 ஜிபி. கேமரா தொறந்து மூடுனேன், பாரம் அப்படியே இருந்துச்சு, ஒரே தடவையில முடிஞ்சது. அந்த ஆப்ப எழுதுனவங்க கையில இருக்கிற போனும் இப்படித்தான் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
சுங்கை சிப்புட், பேராக்