எடைக்குப் போடும் முன் எங்களிடம் ஒருமுறை காட்டுங்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, வேலூர் பக்கத்து பிரியாணி மாஸ்டர்களுக்கும், கடை முதலாளிகளுக்கும், கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் அண்ணன்மார்களுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

போன மாதம் வேலூரில் ஒரு பழைய சாமான் கடை வாசலில் பிரியாணி வேகவைக்கும் பெரிய செம்புப் பாத்திரம், தேக்சா ஒன்று கிடந்தது. அடியில் ஒரு விரிசல், வாயில் ஒரு நெளிசல். மற்றபடி முழுசாக இருந்தது. உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். இடுப்பைச் சுற்றிப் பல் பல்லாக ஒரு கோடு ஓடியது. இரண்டு தகடுகளின் ஓரங்களைப் பல்லாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று கோத்து, பித்தளைப் பொடியும் வெங்காரமும் வைத்துப் பற்றவைத்த மூட்டு அது. எத்தனை வருடம் விறகு அடுப்பில் ஏறி இறங்கியதோ, மூட்டு இம்மி விடவில்லை. பணம் புரட்டிக்கொண்டு மறுநாள் போனேன். நாலு துண்டாக வெட்டிச் சாக்கில் கட்டிவிட்டார்கள்.

அந்த விரிசலை ஒரே நாளில் அடைத்திருக்கலாம். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் செம்பு, பித்தளைப் பாத்திரம் அடிக்கும் கன்னார் வீட்டுப் பிள்ளை இல்லை. டிப்ளமோ படித்துவிட்டு ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் மெஷின் பராமரிப்பு பார்த்துக்கொண்டிருந்தவன். இரண்டு வருடமாக வேலூரில் ஒரு பெரியவரிடம் செம்பு வேலை பழகுகிறேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, வலது தோள் பாதிதான் தூக்க வருகிறது. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பட்டறையில் இப்போது அவரும் நானும்தான்.

முதல் ஆறு மாதம் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியைப் பிடிக்கவும் தகட்டைச் சுற்றிக் கொடுக்கவும் மட்டும்தான் விட்டார். செம்பை அடிக்க அடிக்க அது இறுகும். இறுகின பிறகும் அடித்தால் ஓரம் கிழியும். கிழிவதற்கு முன்னால் நிறுத்தி, உலையில் மங்கிய சிவப்பு ஏறும்வரை காய்ச்சி, தண்ணீரில் போட வேண்டும். இரும்பைக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் விறைக்கும். செம்பு குழந்தை மாதிரி இளகிவிடும். பிறகு மறுபடி அடிக்கலாம், மறுபடி காய்ச்சலாம். ஒரு தட்டைத் தகடு குழிந்து பாத்திரமாக இந்தச் சுற்று பத்துப் பதினைந்து தடவை வரும்.

எப்போது நிறுத்துவது என்பதுதான் வித்தை. அதை எழுதி வைக்க முடியாது. இளகின செம்பில் சுத்தி விழுந்தால் ‘தொப்’பென்று ஒரு சாவு சத்தம். இறுக இறுக அது ‘டங்’ என்று மேலே ஏறும். போன வருடம் ஓர் அண்டாவின் வாயை இழுத்துக்கொண்டிருந்தேன். வடிவம் அழகாக வருகிற சந்தோஷத்தில் இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று போய்விட்டேன். விரல் நீளத்துக்கு ஓரம் கிழிந்தது. பெரியவர் திட்டவில்லை. “செம்பு கத்திகினே கீது நைனா, நீ இன்னா காதுல வாங்காம அடிச்சினு கீற?” என்றார். அன்றைக்கு முழுக்க என்னைச் சுத்தியைத் தொடவிடாமல், அவர் அடிப்பதைக் கண்ணை மூடிக் கேட்கச் சொன்னார்.

இந்தக் காதைப் பழக்கிக்கொள்ள வேலை வேண்டும். தகடு வாங்கி வீணாக்கிப் பழக எங்களால் முடியாது, செம்பு விற்கிற விலை உங்களுக்கே தெரியும். பழகுகிறவனுக்குப் பள்ளிக்கூடம் என்றால் அது பழுதுக்கு வரும் பாத்திரம்தான். நெளிசல் எடுப்பது, விரிசலுக்கு ஒட்டு வைப்பது, தேய்ந்த அடியை மாற்றுவது என்று ஒவ்வொரு தேக்சாவும் அதை முன்னால் அடித்தவர் எப்படி யோசித்தார் என்று காட்டிக் கொடுக்கும். நீங்கள் எடைக்குப் போடும்போது பாத்திரத்தோடு அந்தப் பாடமும் போகிறது.

அரசாங்கத்திடம் கேட்கக் கூடாதா என்பீர்கள். கேட்டோம், கேட்டுக்கொண்டும் இருக்கிறோம். கைவினைஞர்களுக்காக மத்திய அரசு 2023-இல் கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் கொல்லர் உண்டு, பொற்கொல்லர் உண்டு, செம்புப் பாத்திர வேலைக்கென்று தனிப்பெயர் இல்லை. பஞ்சாபில் ஜண்டியாலா குரு என்கிற ஊரில் இதே வேலையைச் செய்யும் தட்டேராக்களின் கலையை யுனெஸ்கோ 2014-இல் தன் பட்டியலில் சேர்த்தது. நம் பக்கம் என்ன குறைச்சல்? வாணியம்பாடிக்குப் பக்கத்து உதயேந்திரத்திலும், அரக்கோணம் பக்கத்து வேலூர்ப்பாளையத்திலும் கிடைத்த பல்லவர் காலச் செப்பேடுகளை ஊர்ப்பெயரோடு இன்றும் சொல்கிறோம். அந்தத் தகடுகளையும் யாரோ ஒருவர் காய்ச்சிக் காய்ச்சி அடித்துத்தானே சமமாக்கியிருப்பார்! ஆனால் பட்டியலில் பெயர் வந்தாலும் பட்டறைக்குப் பாத்திரம் வராது. அது உங்கள் கையில் இருக்கிறது.

அலுமினியமும் ஸ்டீலும் ஏன் வந்தன என்று எனக்குப் புரியாமல் இல்லை. விலை குறைவு, எடை குறைவு, உள்ளே ஈயம் உருக்கிக் கலாய் பூசும் தொல்லை இல்லை. ஆனால் தம் போடும்போது செம்பு என்ன செய்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். அதனால்தான் அடியில் ஓரிடம் தீய்ந்து, ஓரிடம் வேகாமல் நிற்காமல், சீரக சம்பா ஒரே பதமாக மலர்கிறது.

கலாய் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள், இது சாப்பிடுகிறவர் உயிர் சம்பந்தப்பட்டது. தயிரும் தக்காளியும் வெறும் செம்பில் பட்டால் களிம்பு ஏறும், அதற்காகத்தான் ஈயம். ஆனால் ஈயத்தில் இரண்டு உண்டு. பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் விஷம். மலிவாக முடித்துத் தருகிறேன் என்று வருகிறவர் எதைக் கலக்கிறார் என்று பார்க்காமல் பூச விடாதீர்கள். பூசக் கொண்டுவரும் ஈயக் குச்சியைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து வளையுங்கள். நல்ல வெள்ளீயம் நெறநெறவென்று முனகும். காரீயம் சத்தமில்லாமல் மடங்கும், வெள்ளைத் தாளில் தேய்த்தால் கறுப்பாகக் கோடு விழும். இரண்டும் கலந்த குச்சியில் சத்தம் மங்கிப்போகும். சந்தேகம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நாங்கள் கேட்பது பெரிய உதவி இல்லை. ஓட்டை விழுந்த தேக்சாவை விற்கிறதற்கு முன் எங்களிடம் காட்டுங்கள். சரிசெய்ய முடியாது என்றால் பெரியவரே முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார், அப்புறம் தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள். முடியும் என்றால் நாலைந்து நாள் அவகாசம் கொடுங்கள், ஏனென்றால் பாதி வேலையை நான் செய்வேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். ரம்ஜானுக்கும் முகூர்த்த மாதங்களுக்கும் முன்னால் எல்லோரும் ஒரே சமயத்தில் கலாய்க்கு வருகிறீர்கள். ஆடியிலேயே கொஞ்சம் பேர் வந்தால் எங்களுக்கும் அடுப்பு அணையாது. உங்கள் சமையல்கட்டில் கைவேலையில் ஆசையுள்ள பையனோ பெண்ணோ இருந்தால் வாரத்தில் ஒரு நாள் அனுப்புங்கள். எந்தச் சாதி, எந்தத் தெரு என்று பெரியவர் என்னையும் கேட்கவில்லை.

கலாய் பூசுகிற அன்றைக்கு நீங்களும் கூட இருங்கள். பாத்திரத்தைப் புளியும் மணலும் போட்டுத் தேய்த்து, நெருப்பில் காட்டி, நவச்சாரம் என்கிற உப்பைத் தூவியதும் வெள்ளைப் புகை கிளம்பும். அப்போது கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். அடுத்த நொடி குச்சியை வைத்துப் பஞ்சால் ஓர் இழுப்பு இழுத்தால், சிவந்த செம்பின் மேல் வெள்ளி மாதிரி ஓடிப் படியும். குச்சியை உங்கள் கையிலேயே தருகிறோம், முதலில் வளைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வேலூரில் செம்பு வேலை பழகும் உங்கள் தம்பி