பி.பி. மெஷினோடு வைத்த கடிதம்

மக்களே,

மாமா மகன் களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் வருகிறான். அவன் கையில் கருப்பட்டியும் பி.பி. மெஷினும் கொடுத்துவிட்டிருக்கிறேன். ஏத்தங்காய் சிப்ஸ் வைக்கவில்லை, உப்பு. கம்பெனி செக்கப்பில் என்ன வந்தது என்று நான் கேட்கவில்லை. முப்பத்திநாலு வயதில் யாரானாலும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பார்க்கிற முறையில் பார். சாயா குடித்து அரைமணி நேரம் கழியட்டும். மூத்திரம் போய்விட்டு வந்து, முதுகு சாய்ந்து, இரண்டு காலும் தரையில் ஊன்றி ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார். சட்டைக்கு மேலே பட்டையைச் சுற்றாதே. முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே, வெறும் தோலில் சுற்று. கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். தொங்கவிட்டால் கூடுதலாகக் காட்டும். உன் கை தடிமன், அதனால் பெரிய பட்டையாக வாங்கியிருக்கிறேன். சின்னது இறுக்கிப் பொய்க்கணக்குச் சொல்லும். ஒரு நிமிஷம் விட்டு இரண்டு தடவை, காலையும் ராத்திரியும், ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரி எடு. 135/85-உம் அதற்கு மேலும் என்றால் டாக்டரிடம் போ. தலைவலி என்று டைக்ளோஃபினாக்கும் ஐபுப்ரூஃபெனும் தின்னாதே. பி.பி.யை ஏற்றும், கிட்னியையும் கெடுக்கும்.

வீட்டுக் கடனை ஒற்றைக்கு அடைத்த பிள்ளை நீ. சந்தையில் பார்க்கிறவர்கள் எல்லாம் அதைத்தான் சொல்கிறார்கள். நாலு மாதமாக ஒரு போன் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

டாக்டர் மரபு பற்றிக் கேட்பார். அப்பாவுக்கு பி.பி. இருந்தது என்று மட்டும் சொல்லி நிறுத்தாதே. சிறுவயசில் வீடு எப்படி இருந்தது என்பதையும் சொல். 1998-இல் அமெரிக்காவில் ஃபெலிட்டி, ஆண்டா என்ற டாக்டர்களும் கூட்டாளிகளும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சான் டியேகோவில் 9,508 பேரிடம் கேட்டது. அடி, வசை, வீட்டில் குடி, அம்மை அடிபடுவதைப் பார்த்தது என்பதுபோல ஏழு வகைத் துன்பம். நாலும் அதற்கு மேலும் பட்டவர்களுக்கு, ஒன்றுமே படாதவர்களைவிட இதயநோய் 2.2 மடங்கு, பக்கவாதம் 2.4 மடங்கு. ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் படித்தவர்கள், இன்சூரன்ஸ் உள்ளவர்கள். வறுமையால் வந்த நோய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அது கூட்டத்துக்கான கணக்கு மக்களே, ஓர் ஆளுடைய ஜாதகம் அல்ல.

பிள்ளை பயந்தால் அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் ஏறும். நெஞ்சு அடிக்கும், ரத்தக்குழாய் இறுகும், ஈரல் சர்க்கரையை ரத்தத்தில் விடும். ஆபத்து போனதும் எல்லாம் அடங்க வேண்டும். தினமும் ராத்திரி எட்டு மணிக்குக் கேட் சத்தம் கேட்கிற வீட்டில் எப்போது அடங்கும்? நியூசிலாந்தில் டனீடினில் 1972-73-இல் பிறந்தவர்களை இன்றுவரை தொடர்ந்து பார்க்கிறார்கள். சிறுவயசில் கொடுமைப்பட்டவர்களுக்கு 32 வயசிலும் ரத்தத்தில் சி.ஆர்.பி. கூடுதலாக இருந்தது. உள்ளே அழற்சி இருப்பதற்கு அடையாளம் அது.

அந்தக் கேட் சத்தம் கேட்டதும் உன்னைப் பத்தாயத்துக்குப் பின்னால் தள்ளியது நான். "அனக்கம் காட்டாதே" என்று வாயைப் பொத்தியதும் நான். அடித்தது அவர், அழாமல் இருக்கப் பழக்கியது நான். வார்டில் அடிபட்டு வந்த பெண்களுக்குக் கட்டுப்போட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டு இறங்கு என்று புத்தி சொன்னேன். டியூட்டி முடிந்து அதே வீட்டுக்குத்தான் திரும்பி வந்தேன். வேலை இருந்தது, சம்பளம் இருந்தது, எங்க அம்மை வீடு பக்கத்திலேயே இருந்தது. போகாததற்கு ஒரு காரணமும் இல்லை. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று இருந்துவிட்டேன்.

வெறும் வயிற்றில் சர்க்கரை, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி., கொழுப்பு, கிட்னிக்குக் கிரியாட்டினின், ஈ.சி.ஜி. எல்லாம் ஒருமிக்கப் பார்த்துவிடு. இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். உப்பு ஒரு நாளைக்கு மொத்தம் ஐந்து கிராம், ஒரு சின்ன ஸ்பூன். கருவாடும் ஊறுகாயும் அதில் அடக்கம். ஏழு மணி நேரம் தூங்கு. தூக்கம் வராமல் பழசு வந்து நின்றால் அரசாங்கத்தின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-க்குப் பேசு, காசு கிடையாது. தமிழிலும் பேசலாம்.

ஐந்து நிமிஷம் உட்கார்ந்த பிறகுதான் பட்டையைச் சுற்ற வேண்டும், மறக்காதே. ஏழு நாள் கணக்கையும் எழுதித் தங்கச்சிக்கு அனுப்பினால் போதும். என்னிடம் பேச இப்போது மனசு வரவில்லை என்றாலும் சரி.

அம்மை