ஒலிநாடா சங்கத்தின் ஆண்டறிக்கை: செயலாளர் பொதுக்குழு முன் வைத்தது

பொதுக்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

அறிக்கை ஆண்டில் செயற்குழு விதிப்படி கூடியது. போதிய வருகை இல்லாமல் ஒத்திவைத்த கூட்டங்களையும் சேர்த்துக்கொண்டால் விதிக்கு மேலேயே கூடியது. செப்டம்பரில், ஜெர்மனியின் ஃபேமார்ன் தீவில் ஃப்ளூகே கடற்கரையிலுள்ள ஜிமி ஹென்ட்ரிக்ஸ் நினைவுக்கல்லுக்கு வழக்கம்போல் போய்வந்தோம், மழை. நாடா பரிமாற்றச் சந்தை நடந்தது. கிறிஸ்துமஸ் விருந்தும் நடந்தது; அதற்கு மட்டும் நாற்காலி போதவில்லை.

இனி ஃபேமார்ன் நாடாக்கள், அதாவது அங்கே ஹென்ட்ரிக்ஸ் வாசித்ததை ரசிகர்கள் பதிந்த நாடாக்களின் பிரதிகள்; அவற்றைத்தான் சங்கம் திருத்திவருகிறது. செயலாளர் தன் சொந்த ஆசைக்குச் சங்கப் பணத்தைக் கரைக்கிறார் என்று ஒரு பேச்சு உலவுவதாகக் காதில் விழுந்தது. என்னிடம் நேரில் யாரும் சொல்லவில்லை. நேரில் சொல்ல வேண்டுமானால் கூட்டத்துக்கு வர வேண்டும். எனவே விவரமாகவே எழுதுகிறேன்.

அமெரிக்க ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் விழாக் கச்சேரிகளில் மான்டெரேக்கும் (1967) வுட்ஸ்டாக்குக்கும் (1969) வைட் தீவுக்கும் (1970) படப்பிடிப்புக் குழுக்கள் போயின. முறையான ஒலிப்பதிவுக் கருவிகளும் போயின. அவற்றுக்கு நம் தயவு தேவையில்லை. ஃபேமார்ன் அப்படியல்ல. முந்தைய இரவு பாட வேண்டியவர், புயலும் மழையும் ஓயாததால் 1970 செப்டம்பர் 6, ஞாயிறு பகலில் மேடையேறினார். காத்திருந்து நனைந்த கூட்டம் கூச்சலிட்டு வரவேற்றது. அவரும் விடவில்லை, கத்துவதானால் சுருதியோடு கத்துங்கள் என்ற பொருளில் ஒரு பதில் கொடுத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினார். டிரம்ஸில் மிட்ச் மிச்சல், பாஸ் கிதாரில் பில்லி காக்ஸ். அந்த மாதம் 18ஆம் தேதி லண்டனில் ஹென்ட்ரிக்ஸ் இறந்துபோனார். தன் குழுவோடு அவர் நடத்திய கடைசிக் கச்சேரி இதுதான்.

இதன் இசைத்தட்டு 2005இல் டாகர் ரெக்கார்ட்ஸ் முத்திரையில் முறைப்படி வெளிவந்துவிட்டதே, பிறகு நமக்கென்ன வேலை என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்: திடலில் ஒருவர் நின்ற இடத்தில் காற்று அடித்தது, இன்னொருவர் நின்ற இடத்தில் அடிக்கவில்லை. ரசிகர் பதிவு என்றால் எங்கே நின்றார் என்பதுதான் பாதி விஷயம். நம் கைக்கு வந்தவை பிரதியின் பிரதிகள். ஒவ்வொரு பிரதி எடுக்கும்போதும் சீறல் கூடும், நுண்ணொலி மங்கும். அவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால்தான் எதில் எது பிழைத்திருக்கிறது என்று தெரியும்.

முதல் ஸ்பூலை மாட்டிய உடனேயே, நாடாத் துண்டுகளை இணைத்திருந்த ஒட்டுகள் பிரிந்தன. பழைய ஒட்டு நாடாவின் பசை காய்ந்து மஞ்சள் பொடியாகிவிட்டிருந்தது. ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, ஒவ்வொரு ஒட்டையும் புதிதாகப் போட்ட பிறகே நாடா ஓடியது. ஓடியும் ஈரக் கம்பளிக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. பிரதி எடுத்தவரின் கருவியில் ஹெட், அதாவது நாடா உரசிச் செல்லும் காந்த முனை, சாய்ந்திருந்ததே காரணம். நம் கருவியின் ஹெட்டுக்குப் பக்கத்திலுள்ள சிறு திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, அதே சாய்வுக்குக் கொண்டுவந்தபோது டிரம்ஸின் சிம்பல் ஓசை திறந்துகொண்டது. புதிய ஹெட் வாங்கியது வீண் செலவு என்று குறிப்பு எழுதிய உறுப்பினர், அந்த ஒரு நிமிடத்தை இன்றும் வந்து கேட்கலாம். கருவி இங்கேயே இருக்கிறது.

நாடாவின் வேகத்தைத் திருத்தலாமா கூடாதா என்ற சுருதிச் சண்டைக்கு வருகிறேன். திடலில் பதிந்தவரின் கருவி பேட்டரியில் ஓடியது. பேட்டரி தளரத் தளர நாடா மெதுவாக நகரும். அதைச் சரியான வேகத்தில் போட்டால் பாட்டுக்குப் பாட்டு சுருதி ஏறிக்கொண்டே போகும். ஏறிய இடத்தில் கிதாரின் தடித்த தந்தி ஈ (E) என்ற சுரமாகவே ஒலிக்கிறது, கிதாருக்கு அதுதானே முறை, எனவே நாடா சரி, கை வைக்காதீர்கள் என்பது எதிர்த்தரப்பின் வாதம். ஹென்ட்ரிக்ஸ் கிதாரை அரைச் சுரம் இறக்கிக் கட்டுபவர்; அவருடைய தடித்த தந்தி ஈ ஃபிளாட், ஈக்கு அரைச் சுரம் கீழே. ஈ என்று ஒலித்தால் நாடா ஏறக்குறைய 6 விழுக்காடு வேகமாக ஓடுகிறது என்றுதான் பொருள்.

காதை நம்பாதவர்களுக்காக இன்னொரு சாட்சியும் காட்டினேன். பாட்டுகளுக்கு நடுவே மேடை ஆம்பிளிஃபயர்களின் உறுமல் கேட்கிறது. ஐரோப்பிய மின்சாரத்தில் அது 50 ஹெர்ட்ஸ். கணினித் திரையில் பார்த்தால் அங்கே இரண்டு கோடுகள். 50இலேயே அசையாமல் நிற்பது, பின்னாளில் யாரோ வீட்டில் பிரதி எடுத்தபோது ஒட்டிக்கொண்ட உறுமல். மெல்ல மெல்ல 53 வரை ஏறுவதுதான் திடலில் இருந்தது. ஜெனரேட்டர் மின்சாரமாக இருந்தால் 50 என்பதே நிச்சயமில்லை என்று ஒருவர் தடுத்தார். நியாயமான கேள்வி, ஆண்டு முழுவதும் கேட்கப்பட்ட ஒரே நியாயமான கேள்வி. ஆனால் உறுமலும் தந்தியும் ஒரே அளவு திருத்தத்தைக் கேட்கும்போது இரண்டும் சேர்ந்து பொய் சொல்லாது. அதன்படியே திருத்தியிருக்கிறேன்.

கூச்சலையும் சீறலையும் அறவே நீக்கிவிட வேண்டும் என்ற தீர்மானத்தைச் செயற்குழு ஏற்கவில்லை. சீறலை அளவுக்கு மேல் வடித்தால் சிம்பலும் கூடவே போய்விடும். கூச்சலை நீக்கினால் அவர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்றே தெரியாது. காற்று மைக்கில் மோதிய இடங்களில் தாழ்ந்த ஒலியை மட்டும் குறைத்திருக்கிறேன்.

இத்தனைக்கும் ஒப்பிட்டுக் கேட்கும் மாலைகளுக்கு வந்தவர் பெரும்பாலும் பொருளாளர் மட்டுமே. அவரிடம்தான் அறைச் சாவி இருக்கிறது. கச்சேரியின் இரண்டாம் பாதியின் நல்ல பிரதியை ‘ஒரு வாரத்துக்கு’ என்று எடுத்துப்போன உறுப்பினர் யாரென்று சபைக்குத் தெரியும். அதைச் சூடேற்றும் குழாய்க்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

திருத்திய பதிவு யாருக்கும் விற்கப்படாது, வெளியிடப்படாது. உரிமை ஹென்ட்ரிக்ஸ் குடும்பத்தின் நிறுவனத்திடம் இருக்கிறது. உறுப்பினர்கள் சங்க அறையில் வந்து கேட்கலாம். உறுப்பினர் என்றால் சந்தா கட்டியவர்.

கணக்கு: தணிக்கையாளர் கையொப்பமிட்ட தாள் மேசையில் உள்ளது. வரவு சற்றுக் குறைவு, செலவு சற்று அதிகம். ‘இதர செலவுகள்’ என்ற தலைப்பில் அடங்கியவற்றைப் பொருளாளர் கேட்டால் விளக்குவார். நிலுவைச் சந்தா முழுவதும் வந்திருந்தால் இந்தப் பத்தியையே எழுதியிருக்க மாட்டேன். நிலுவையாளர் பட்டியலைச் சபையில் வாசிக்கும் எண்ணம் எனக்கு இல்லை; பட்டியல் பையில் இருக்கிறது.

தலைவருக்கும், இடம் தந்த தேவாலய நிர்வாகத்துக்கும், காபி போட்டவர்களுக்கும், நாடாக்களைக் கொடுத்துதவிய குடும்பங்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இரண்டாம் பாதி, பிரதி திரும்பி வந்தால், முடியும். செயலாளர் பொறுப்பை இளையவர் ஒருவர் ஏற்க முன்வந்தால் இன்றே ஒப்படைக்கத் தயார். ஹெட் திருகை எப்படித் திருப்புவது என்று கற்றுக்கொள்ளச் சில மாலைகள் மட்டும் வந்தாக வேண்டும். யாரும் முன்வராவிட்டால், போன ஆண்டுபோலவே, சபை கேட்டுக்கொண்டதாக எடுத்துக்கொள்வேன். சந்தாப் பெட்டி வாசலருகே இருக்கிறது. பொருளாளர் போதிய சில்லறையோடு வந்திருக்கிறார்.

செயலாளர்