கல்யாணத்துக்குக் கூப்பிடாத சொந்தங்களுக்கு

அன்புள்ள மாமா, அத்தை, சித்தப்பா, சின்னம்மா, மதினி, மச்சான், பங்காளிமார் எல்லோருக்கும்,

தங்கச்சி கல்யாணம் வைகாசிக் கடைசியில் நம் வீட்டு வாசலிலேயே முடிந்தது. உங்களைக் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து அப்பாவின் போன் ஓயவில்லை. அவர் யாரையும் எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை, எல்லோரிடமும் "தப்புத்தான்யா, மன்னிச்சுக்க" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. கொரோனா ஊரடங்கில் கல்யாணத்துக்கு அரசு அனுமதித்தது 50 பேர். அந்த 50-இல் பெண், மாப்பிள்ளை, சமையல்காரர், நாயனக்காரர் எல்லோரும் அடக்கம். சந்தேகம் இருந்தால் அன்று வந்து தலையை எண்ணிவிட்டுப் போன தலையாரியைக் கேளுங்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு 20. தேனியிலிருந்து வர, ஊரடங்கில் ஊர் விட்டு ஊர் போக அரசு கேட்ட இ-பதிவில் ஒவ்வொரு பெயராக ஏற்றியது நான்தான். இடையில் அந்தப் பதிவில் திருமணம் என்ற பிரிவையே எடுத்துவிட்டுத் திரும்பச் சேர்த்தார்கள், கல்யாணத்தைச் சொல்லி நிறையப் பேர் ஊர் சுற்றியதாகக் காரணம் சொன்னார்கள். சமையலுக்கு 3, நாயனமும் தவிலும் 2, போட்டோவுக்கு 1. எங்கள் வீட்டில் அப்பத்தாவோடு சேர்த்து 6. மிச்சம் 18. அப்பாவோடு பிறந்தவர்கள் ஐந்து பேர், அம்மாவோடு பிறந்தவர்கள் நான்கு. ஜோடியாக வந்தாலே 18 முடிந்தது. அவர்களுடைய பிள்ளைகளுக்கே இடமில்லை. இதில் "ஒன்னுவிட்ட மாமனை விட்டுட்டாளே" என்றால் யாரை எழுப்பிவிட்டு உங்களை உட்கார வைப்பது?

பேர் எழுதிய இரவு எனக்கு மறக்காது. அப்பா மொய் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அறுநூற்றுச் சொச்சம் வீடு. பென்சிலால் ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு புள்ளி வைத்தார், அடிக்கவில்லை. "அடிச்சா செத்தவுக பேரு மாதிரி இருக்கும்" என்றார். விடிய விடிய புள்ளிதான்.

"நம்ம மதுரையிலயே ஒருத்தன் பிளேன்ல கல்யாணம் பண்ணலையா" என்று ஒரு சித்தப்பா கேட்டிருந்தார். உண்மைதான். மே 23, முழு ஊரடங்கை இறுக்குவதற்கு முந்தைய ஞாயிறு. வாடகை விமானத்தில் 150 பேருக்கு மேல் ஏற்றி, பறக்கும்போது தாலி கட்டினார்கள். விமானத்துறை விசாரணை வந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள் சித்தப்பா. ஊரடங்கை இறுக்குவதற்கு முன் கடை திறக்க விட்ட அந்த இரண்டு நாளில் நான் மதுரை விளக்குத்தூண் கடைத்தெருப் பக்கம் கூறைப்புடவைக்காக நின்றிருந்தேன். 50 பேரில் கல்யாணத்தை முடிக்கத்தான் அவ்வளவு பெரிய கூட்டத்தில் முட்டி மோதினேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

மண்டபத்து அட்வான்ஸில் பாதிதான் திரும்பியது. அதை விடுங்கள்.

சமையல்காரர் வந்து அடுப்புக்கு இடம் பார்த்துவிட்டு, "அம்பது பேருக்கா? எங்கிட்ட இருக்கிற அண்டாவுல அம்பது பேரையே உக்கார வைக்கலாமே" என்றார். கடைசியில் நம் வீட்டுப் பாத்திரத்திலேயே சமைத்தார். அளவு பிடிபடாமல் ரசத்தில் உப்பு தூக்கலாகிவிட்டது. தவில்காரர் சித்திரையிலிருந்து அதுவரை ஒரு மேளமும் அடிக்கவில்லையாம். கூட்டம் குறைந்தாலும் அவர்களுக்குப் பேசிய கூலியைக் குறைக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார்.

இப்போது உங்களில் பலருக்கு உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். ஜூமில் பார்த்தவர்களுக்குத் தாலி கட்டும் நேரம் படம் நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது மணவறையில் அப்பத்தா நிற்பதைப் பார்த்தீர்கள். ஆமாம், தாலியை எடுத்துக் கொடுத்தது அப்பத்தாதான். தாத்தா போய் 22 வருஷம். அதன்பிறகு எந்தக் கல்யாணத்திலும் அவர் முன்வரிசைக்கு வந்ததில்லை, தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார். அறுநூறு பேர் கூடியிருந்தால் யாராவது ஒரு பெரியம்மா "ஆகாதுடி" என்று கையைப் பிடித்து இழுத்திருப்பார். அன்று இழுக்க ஆள் இல்லை. தங்கச்சி கூப்பிட்டாள், அப்பத்தா முந்தானையில் கையைத் துடைத்துத் துடைத்து, அப்புறம்தான் தட்டைத் தொட்டார். அந்தக் கை நடுங்கியதைப் பார்த்த மாப்பிள்ளை, தட்டுக்குக் கீழே தன் கையைக் கொடுத்துக்கொண்டார். இந்த ஒன்றுக்காகவே இன்னொரு தடவை ஐம்பது பேரோடு கல்யாணம் வைக்கச் சொன்னாலும் வைப்பேன்.

ஐயர் இல்லாத கல்யாணம் செல்லுமா என்று கேட்டவர்களுக்கு: 1967-இல் அண்ணா ஆட்சியில் கொண்டுவந்த சட்டத் திருத்தப்படி, சொந்தபந்தம் முன்னால் மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும். 90 நாளுக்குள் பதிவும் செய்துவிடுவோம்.

கூகுள் பேயில் மொய் அனுப்பியவர்களின் பணத்தை அப்பா திருப்பி அனுப்பச் சொன்னார். உங்களை அவமதிக்க அல்ல. "நம்ம வீட்டுச் சோத்துல கை நனைக்காதவுக மொய்ய எப்படிடா எழுதுறது?" என்றுதான் கேட்டார். இதுதான் உங்களுக்கு வசதியாகிவிட்டது. "அப்ப ஆவணில ஒரு வரவேற்பு வையி, சாப்பிட்டு எழுதுறோம்" என்று ஆளாளுக்கு நெருக்குகிறீர்கள். அவரும் சாமியானாக்காரரிடம் விலை கேட்க ஆரம்பித்துவிட்டார்.

வேண்டாம். சித்திரையில் நம் சொந்தத்தில் ஒரு கல்யாணம் ஊர் கூடி நடந்தது. அடுத்த பத்து நாளில் நான்கு வீட்டில் ஆள் படுத்தார்கள். மேலத்தெரு மாமா ஆஸ்பத்திரியிலிருந்து துணிக்கட்டாகத்தான் வந்தார். இறப்புக்கு 20 பேர் வரலாம் என்று அனுமதி இருந்தது. வந்தது ஒன்பது பேர். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று அன்றைக்கு யாரும் போன் போட்டுச் சண்டை பிடிக்கவில்லை.

அதனால் அப்பாவிடம் வரவேற்புப் பேச்சை எடுக்காதீர்கள். செய்முறை பாக்கி மனசை அறுக்கிறது என்றால் வீட்டுக்கு வாருங்கள். பஸ் ஓட ஆரம்பித்த பிறகு, முகக்கவசத்தோடு, ஒரு நாளைக்கு ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர். திண்ணையில் இலை போட்டு அம்மா பரிமாறுவார். சாப்பிட்டுக் கை கழுவியதும் அப்பா நோட்டை எடுத்துப் புள்ளி வைத்த இடத்தில் உங்கள் தொகையை எழுதிக்கொள்வார். வருவதற்கு முந்தின நாள் எனக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள், ஒரே நாளில் இரண்டு வீட்டுக்காரர்கள் வந்துவிடக் கூடாது.

இப்படிக்கு,
மணப்பெண்ணின் அக்கா
ஆனி, 2021